முன் சீட்டில் மரம் தெரியாது

"தூக்குடா மேல" என்று பூமிநாதன் மாமா சொன்னார், சொல்லும்போதே என் பிடரியில் கையை வைத்து அழுத்தினார், மேலே தூக்கச் சொல்கிறவர் என்னை எதற்குக் கீழே அழுத்துகிறார் என்று தெரியவில்லை, அதையெல்லாம் கேட்கிற நேரமும் இல்லை, ஏனென்றால் செய்யது அண்ணன் கடையின் பின்னறைக்குள் நிற்க இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள், வாசலில் அதற்கு மேல் நின்றார்கள், கண்மாய்க் கருவமரங்களுக்குப் பின்னால் ஆவணியிலிருந்து மாசி வரைக்கும் அந்தரத்தில் நிற்கிற ஹெலிகாப்டரை நான் மரத்துக்கு மேலே தூக்க வேண்டும், தூக்கினால் அதன் கண்ணுக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தெரியும், அந்த ஊர்களில் எங்கேயோ என் அக்கா நாகஜோதி இருக்கிறாள், அவள் இருக்கிற இடத்தை மாமா பார்க்க வேண்டும். பார்த்த பிறகு மாமா என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

என் பெயர் காளீஸ்வரன். பத்தாவதோடு நின்றுவிட்டேன். படிக்க வசதி இல்லை என்று அம்மா வெளியே சொல்லும், அது பொய், எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா செத்துப் பல வருசம் ஆயிற்று, அதனால் அம்மாவின் தம்பி பூமிநாதன் மாமாதான் எங்கள் வீட்டில் எதற்கும் முடிவு சொல்வார், கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அக்கா செய்யது அண்ணன் கடையில் ஜெராக்ஸ் போடுகிற வேலை பார்த்தாள். ஒரு காலத்தில் அது நெட் சென்டர், எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஒருத்தரும் வருவதில்லை, பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் மட்டும் துணி போர்த்திக் கிடந்தன. மதியத் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் செய்யது அண்ணன் போய்விட்டு வருவதற்குள் நானும் அக்காவும் துணியை எடுத்துவிட்டு கேமில் ஹெலிகாப்டர் ஓட்டுவோம்.

சண்டைக்குப் போகிற ஹெலிகாப்டர் அது, இரண்டு பேர் ஓட்ட வேண்டும். பின் சீட்டுக்காரன் ஓட்டுவான், அது நான். முன் சீட்டில் இருக்கிறவருக்கு ஹெலிகாப்டரின் மூக்கில் உருண்டையாக ஒரு கண் இருக்கும், அந்தக் கண்ணைத் திருப்பித் திருப்பி எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும், அது அக்கா. அக்காவுக்குக் கண் கூர்மை, ஜெராக்ஸ் தாளில் ஈ உட்கார்ந்த புள்ளிகூட அவளுக்குத் தெரியும்.

மலை இல்லாத பூமியில் ஹெலிகாப்டருக்கு மரம்தான் கதி. அதிலும் முறை இருக்கிறது. ஒற்றை மரத்துக்குப் பின்னால் நிற்கக் கூடாது, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஆள் வைத்துச் சொல்லிவிடுகிற மாதிரி அது. கூட்டமாக நிற்கிற மரத்துக்குப் பின்னால் போய், முதுகுக்கும் கொஞ்சம் மரம் வைத்துக்கொண்டு, கிளையில் விசிறி படாத தூரத்தில், மரத்தைவிட அரை ஆள் உயரம் குறைவாக, அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் புழுதி காட்டிக்கொடுக்கும். அசையாவிட்டாலும் காத்தில்லாத நாளில் இந்த மரத்துக் கொண்டை மட்டும் ஏன் ஆடுகிறது என்று கூர்ந்து பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், சுடுவான், செத்தோம்.

அக்காவுடைய கம்ப்யூட்டர் பழசு. மரத்தையெல்லாம் காட்டினால் அது திணறி நிற்கும் என்பதால் அவள் செட்டிங்கில் மரத்தை அணைத்து வைத்திருந்தாள், அதனால் அவள் திரையில் எந்த நாட்டுக்குப் போனாலும் வெறும் பொட்டல்தான், என் திரையில் காடாக நிற்கும். அதனால் நான் மரத்தை வாயால் சொல்லிக்கொண்டே போவேன், முன்னால ரெண்டு, எடப்பக்கம் வளைஞ்சது ஒண்ணு, பின்னால நெருக்கமா அஞ்சாறு என்று, அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் திருப்புவாள்.

"எனக்கு ஒரு மரமும் தெரியல. நீ இருக்குன்னா இருக்குடா" என்பாள்.

முதலில் நாங்கள் நிறைய செத்தோம். அருமையாக ஒளிந்திருப்போம், எங்கிருந்தோ மிசைல் நேரே வந்து நெற்றியில் விழும். பிறகுதான் விளங்கியது, எதிராளியும் தன் கம்ப்யூட்டரில் மரத்தை அணைத்து வைத்திருந்தால், நான் ஒளிந்திருக்கிற மரம் அவனுக்கு மரமே இல்லை. நான் பொட்டலில் அம்மணமாக நின்றுகொண்டு ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பேன். அக்காவுக்கும் இதுதான் நடந்தது. பால் வண்டி ஓட்டுகிற பிரதாப்போடு அவள் அந்த வண்டிக்குப் பின்னால் நின்று பேசினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். ஊருக்கு அந்த வண்டியே கண்ணில் படவில்லை, இவர்கள் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். பிரதாப் வேற சாதி. அவ்வளவுதான் விஷயம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

மாமா தன் மகனுக்கு அக்காவைத் தை மாசம் கட்டுவது என்று முடிவு செய்து, கல்யாணப் பத்திரிகை மாதிரிக்கு அக்கா வேலை பார்க்கிற கடைக்கே ஆள் அனுப்பினார். அன்றைக்கு மதியம் நாங்கள் ஹெலிகாப்டரில் இருந்தோம். வெளியே பால் வண்டியின் ஆரன் சின்னதாக ஒரு தடவை கேட்டது. அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"காளீசு, மரத்த ஒட்டி நல்லா நில்லு. நான் வெளிய போயிட்டு வாரேன். வரலைன்னா எனக்காக நிக்காத, கிளம்பிரு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்துவது சும்மா இல்லை, கண்ணை எடுத்தால் ஒரு பக்கமாகச் சரியும். நின்றேன். அவள் வரவில்லை, நின்றேன். எத்தனையோ நாட்டு மரத்தைப் பார்த்த திரையில் அப்போது நிற்பது எங்கள் ஊர்க் கண்மாயின் கருவமரம் என்பதும், வலப்பக்கம் தெரிகிற இடிந்த சுவர் எங்கள் மடை என்பதும், நின்று நின்று பழகிய பிறகுதான் கவனத்துக்கு வந்தது. சாயந்தரம் ஆட்டுக்காரர் ஒருத்தர் கடைக்கு வந்து, கண்மாய்க்குள்ள ஒரு ஹெலிகாப்டர் நிக்குது, குட்டியெல்லாம் காத்துல உருளுது, யாரு விட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். சரி, நாளைக்கு மேய்ச்சலை மேக்கால மாத்திக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அது நின்றது. எண்ணெய் முள் இறங்கவில்லை, கரண்ட் போனாலும் இரண்டு திரையும் அணையவில்லை, கைப்பிடியை விட்டுவிட்டு நான் சாப்பிடப் போனாலும் தூங்கப் போனாலும் விட்ட இடத்திலேயே, மரத்தைவிட அரை ஆள் குறைவாக, முன் சீட்டில் ஆள் இல்லாமல், பின் சீட்டிலும் ஆள் இல்லாமல், தடதட என்று அது நின்றது. முதல் வாரம் ஊர் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியது, இரண்டாவது வாரம் எதற்குக் கத்த வேண்டும் என்று பாதிப் பேச்சைக் குறைத்துக்கொண்டது, அதனால் மாமியார் மருமகள் சண்டை நின்றுபோன வீடுகூட உண்டு. கிராம அதிகாரி வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, தரையைத் தொடாததற்கு சர்வே நம்பர் கிடையாது, அதனால் ஆக்கிரமிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். பூசாரியிடம் இது சாமியா என்று கேட்டார்கள், அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, பசிக்கலை, கோவிக்கலை, இது எப்படிச் சாமியாகும் என்றார். ஐப்பசியில் மழை இறங்கிக் கண்மாய் பெருகியபோது மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன, ஹெலிகாப்டருக்குக் கீழே தண்ணீர் வட்டமாக ஓடிக்கொண்டே இருந்தது, அந்த வட்டத்துக்குள் மீன் சேருகிறது என்று கண்டுபிடித்து அங்கேயே வலை போட்டார்கள். அந்த மழைக்குப் பிறந்த பிள்ளை ஒன்று சத்தம் கேட்டே வளர்ந்ததால், தடுப்பூசிக்கு டவுனுக்குத் தூக்கிப் போன இடத்தில் தூங்காமல் கத்தியது, அதன் அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வாயாலேயே தடதட தடதட என்று சொல்லித் தூங்க வைத்தாள்.

தையில்தான் ஊருக்கு அதன் அருமை தெரிந்தது. எங்கள் பக்கம் குதிரைவாலியும் உளுந்தும் தையிலும் மாசியிலும் களத்துக்கு வரும், அப்போது பார்த்துக் காத்து செத்துப்போகும், அடித்த தானியத்தைச் சுளகில் அள்ளித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காத்து வரும் வரும் என்று பொம்பளைகள் மரமாக நிற்பார்கள், வந்தால் தூற்றலாம், வராவிட்டால் தலையில் வைத்தது தலையிலேயே இருக்கும். இந்த வருசம் களத்தையே கண்மாய்க் கரைக்கு மாற்றிவிட்டார்கள். காத்து எப்போதும் இருந்தது. மேலே தூக்கிச் சரித்தால் மணி நேரே கீழே விழுந்தது, உமியும் பொட்டும் மடையைத் தாண்டிப் போய் விழுந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்தார்கள். ஒருத்தி மட்டும் தெரியாமல் மிளகாய் வத்தலை அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டாள், ஊர் மூன்று நாள் தும்மியது, அதற்குப் பிறகு மிளகாய்க்கு வடக்குப் பக்கம் என்று சட்டம் போட்டார்கள். கருவமரத்தைக் கரி போட ஏலம் எடுத்தவர் ஆட்களோடு வந்தபோது, எல்லாத்தையும் வெட்டிக்கோ, அந்த முன்னால நிக்கிற கூட்டத்த மட்டும் தொடாத, மரம் போனா அதுவும் போயிரும், அது போனா காத்துக்கு உன் வீட்டுக்கா வருவோம் என்று பொம்பளைகள் வழிமறித்தார்கள்.

ஆறு மாசத்தில் ஊர் ஒரு ஹெலிகாப்டரைப் பழகிக்கொண்டது. அக்காவின் பெயரைச் சொல்லப் பழகவில்லை. ரேஷன் கடையில்கூட எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கெடுத்தது அந்த ஏலக்காரர்தான். அவர் பட்டாளத்தில் இருந்தவராம். மரத்தை விட்டுக்கொடுத்த கோபத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், மூக்குல இருக்கிற உருண்டை என்னன்னு தெரியுமா, அது கண்ணு, மரத்துக்கு மேல தூக்குனா பத்துப் பதினஞ்சு மைலுக்கு ஆள் மூஞ்சிகூடத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்தரமே மாமா காதுக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம் கடைக்குள் வந்து என் பிடரியில் கையை வைத்தார்.

"கண்ணு முன் சீட்டுல இருக்கு மாமா. பின் சீட்டுல இருந்து பாக்க முடியாது" என்றேன். அது நிஜம். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அக்காவுடைய நாற்காலியை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். ஆறு மாசமாக அதில் நான்கூட உட்கார்ந்ததில்லை, அதன்மேல் அவள் விரித்துவிட்டுப் போன துண்டு அப்படியே இருந்தது, அதன்மேல் மாமா உட்கார்ந்தார்.

"என்னடா இது, மரத்தையே காணோம்" என்றார்.

அவருக்குப் பொட்டல் தெரிந்தது. ஒரு மரம் இல்லாத கண்மாயை ஊரே அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது, கரைக்கு அந்தப் பக்கம் மட்டும் தெரியவில்லை, அதற்கு உயரம் வேண்டும். மரம் இல்லை என்றவுடன் மரத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் தெரிந்தது. ஒதுங்கப் போனவர்கள் தெரிந்தார்கள், வாசலில் நின்றவர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். சீட்டு விளையாடுகிற நாலு பேர் தெரிந்தார்கள். மாமாவின் மகன், அக்காவைக் கட்டுவதாக இருந்தவன், மடைக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான், அக்கா போன துக்கத்தில் அவன் சோறே இறங்காமல் கிடக்கிறான் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லியிருந்தது. யாரோ சிரித்தார்கள், மாமா திரும்பிப் பார்த்தார், நிறுத்தினார்கள். மாமா பொத்தானைத் தட்டி அந்தக் கண்ணை இன்னும் கீழே இறக்கினார். ஹெலிகாப்டருக்கு நேர் கீழே, தண்ணீர் வற்றிய மண்ணில், ஒரு பொம்பளை நின்றாள். சேலைத் தலைப்பைக் காத்து பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்க, அதைப் பிடிக்காமல், தலையை முழுசாக அண்ணாந்து, ஆள் இல்லாத முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் அம்மா. தினமும் மதியம் விறகு பொறுக்கிட்டு வாரேன் என்றுதான் போகும். ஒரு நாளும் விறகோடு வந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

மாமா கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்தார். கூடப் பிறந்தவள் அல்லவா. அத்தோடு எழுந்து போயிருந்தால் நல்ல மாமா என்று சொல்லிவிட்டு இதை நான் இங்கேயே முடித்திருப்பேன். அவர் எழுந்திருக்கவில்லை. "தூக்கு" என்றார்.

நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடித்தார். பிறகு அவரே எட்டிக் கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தார். "நீங்க தூக்குனா விசிறி கிளையில படும் மாமா. வெடிச்சு களத்து மேல விழும்" என்றேன். பயமுறுத்துவதற்காகச் சொன்னதில்லை, அப்படித்தான் விழும், நான் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். களம் என்ற வார்த்தை வாசல்வரைக்கும் போனது. அடித்துப் போட்ட உளுந்து தூற்றாமல் அங்கே குவிந்து கிடந்தது. அவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்த பொம்பளைகள் உள்ளே வந்தார்கள். அதில் மூத்தவள், ஏப்பா பூமிநாதா, ஒன் வீட்டுப் பஞ்சாயத்த ஒன் வீட்ல வச்சுக்கோ, ஊர்க் காத்துல கைய வைக்காத என்றாள். மற்றவர்களும் அதையே வேறு வேறு மாதிரி சொன்னார்கள். மாமாவால் ஊரை எதிர்த்துப் பேச முடியாது, ஊருக்காகத்தானே அவர் அக்காவைத் தேடுகிறார். எழுந்து போனார். யாரும் என் அக்காவுக்காகப் பேசவில்லை, உளுந்துக்காகப் பேசினார்கள். எதற்காக என்றாலும் ஹெலிகாப்டர் மரத்துக்குப் பின்னாலேயே நின்றது.

போகும்போது மாமா ஒரு வேலை செய்துவிட்டுப் போனார். கண்மாய்க் கரையில் இரண்டு ஆளை உட்கார வைத்தார். அவர்கள் மரத்தைப் பார்க்கிறதில்லை, களத்தைப் பார்க்கிறதில்லை. மூக்கில் இருக்கிற உருண்டையைப் பார்க்கிறார்கள். அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்தப் பக்கம் ஆள் போகும். மாமா பத்தாவதுகூட வரவில்லை, ஆனால் முட்டாள் இல்லை.

உளுந்து தூற்றி முடித்த அன்றைக்கு மதியம் செய்யது அண்ணன் தொழுகைக்குப் போன பிறகு அம்மா கடைக்கு வந்தது. அது ஜெராக்ஸ் எடுக்கக்கூட அங்கே வந்ததில்லை. பின்னறை வாசலில் நின்று, இதுலதான் அவ உக்காருவாளா என்று கேட்டது. ஆமா என்றேன். மாமா கசக்கிவிட்டுப் போன துண்டை எடுத்து, உதறி, பழையபடி விரித்து, அதன்மேல் நுனியில் உட்கார்ந்தது. திரையைப் பார்த்தது.

"மரம் ஏன்டா தெரியல?"

"அக்கா அணைச்சு வச்சிருந்தா. நான் சொல்லுவேன், அவ கேட்டுக்கிருவா."

"சொல்லு."

சொன்னேன். முன்னால ரெண்டு கருவ ஒட்டி நிக்குது, எடப்பக்கம் ஒண்ணு வளைஞ்சு தரைய தொடுது, அதுக்குப் பின்னால நெருக்கமா ஒரு கூட்டம், முதுகுக்கு ரெண்டு. அம்மா ஒவ்வொன்றுக்கும் ம் ம் என்று தலையை ஆட்டியது. மரம் முடிகிற இடத்தில் என் திரையில் வானம் ஆரம்பித்தது, ஒரு முழம் போல. அந்த ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் எந்த ஊர், எந்தத் தெரு, அவள் இப்போது எந்த வாசலில் உட்கார்ந்து என்ன செய்கிறாள், சாப்பிட்டாளா, தலையில் எண்ணெய் வைத்தாளா, என்னை நினைத்தாளா. எனக்கு ஆசை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆவணியிலிருந்து தினமும் அந்தக் கைப்பிடியில் கையை வைத்து வைத்து எடுத்திருக்கிறேன்.

அம்மா அந்தக் கண்ணைத் திருப்புகிற பொத்தானைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. தொடாமல் அதன்மேல் விரலை வைத்திருந்தது.

"கொஞ்சமா தூக்குடா. ஒரு பனை ஒசரம் போதும். ஒரே ஒரு தடவ பாத்துட்டு எறக்கிரலாம்."

"கரையில ஆளு உக்காந்திருக்கும்மா."

"தெரியும். தூக்கு."

நான் கைப்பிடியைப் பிடித்தேன். தூக்கினால் அந்தக் கண் நேரே அக்கா இருக்கிற பக்கம்தான் திரும்பும், தாய்க்கு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை, அதைப் பார்த்துக் கரையில் இருக்கிற ஆளும் எழுந்திருப்பான்.

"முன்னால ரெண்டு கருவ" என்றேன். "எடப்பக்கம் ஒண்ணு வளைஞ்சு நிக்குது."

"தூக்குடா காளீசு."

"அதுக்குப் பின்னால நெருக்கமா ஒரு கூட்டம்மா."

அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. நானும் மரத்தைச் சொல்வதை நிறுத்தவில்லை, சொன்ன மரத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன், ஒரு இலை இடைவெளி விடாமல் சொன்னேன், செய்யது அண்ணன் வந்து கதவருகில் நின்று, உள்ளே வராமல் திரும்பிப் போகிறவரைக்கும் சொன்னேன். பிறகு அம்மா எழுந்து, துண்டை நீவி விட்டுவிட்டு, விறகு பொறுக்கிட்டு வாரேன் என்று கண்மாய்ப் பக்கம் போனது.

ஹெலிகாப்டர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. வரலைன்னா எனக்காக நிக்காத, கிளம்பிரு என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் கிளம்பவில்லை.